விளிம்பில் நின்ற வெள்ளைக்காய்

அந்த வெள்ளைக்காய் விழுந்துவிடும் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

வாடிப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் விசேஷத்தின் ஜிகினாத் துணியை இன்னும் மணமேடையிலிருந்து அவிழ்க்கவில்லை. கீழே வரிசையாகக் கேரம் போர்டுகள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு பல்பு. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளை. அது என் வலது கைப் பக்கத்துப் பாக்கெட்டின் வாயில், உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றது. ஊதினால் விழும்.

எதிரே என் ஜோடி ரஹ்மத். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது, வந்துவிடும் என்று தெரிந்து ஸ்டாப்பில் நிற்பவளின் முகம்.

நடுவர் தொண்டையைச் செருமினார். "உங்க டர்ன்மா. ஆடுங்க."

நான் ஆடினேன். ஆனால் அந்த வெள்ளையைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எதிலும் உட்காராதவள்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் கிட்டார் கற்றுக்கொண்டு விட்ட கதையை எழுதியதிலிருந்து, "அப்புறம் எதக் கத்துக்கிட்டு எத விட்டீங்க?" என்று கேட்காத ஆளில்லை. பெரிய பட்டியல் அது. ஜப்பானிய மொழி: வணக்கம் சொல்வது வரை. நீச்சல்: தலையை முக்கச் சொன்ன நாள் வரை. கேக் பேக்கிங்: அடுப்பு வாங்கியதோடு சரி.

சென்னையில் பார்த்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு செல்லூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னேன். எல்லாமே உண்மைதான். அடுத்த வேலைக்கு நேர்காணல்கள் போய்க்கொண்டிருந்தன. நடுவில் இருந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹாலிலிருந்து மாடி, மாடியிலிருந்து ஹால்.

"ஒரு எடத்துல உக்காரேன்டி, எனக்குத் தலை சுத்துது" என்பாள் அம்மா. உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்தால் விரல் தாளம் போடும்.

அப்படி ஒரு நாள் நான் மாடியில் நடந்துகொண்டிருந்தபோதுதான் ரஹ்மத் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு மேலே பார்த்துக் கத்தினாள்.

"அபி! கேரம் ஆட வாரியா?"

ஒரு அறைக்காக

ரஹ்மத்தும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இப்போது அவள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு அண்ணன்மார் மூன்று பேர். கேரத்துக்கு ஆள் குறையும்போதெல்லாம் தங்கச்சியை இழுத்து உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவளை ஜெயிக்க அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது. "ரஹ்மத் வந்தா நாங்க எந்திரிச்சிருவோம்" என்று பெரிய அண்ணன் இன்றைக்கும் சொல்வார்.

அவள் பள்ளியின் பின் கட்டடத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. நல்ல ஜன்னல், நல்ல வெளிச்சம். மதிய இடைவேளையில் அங்கே பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுத்து, மாவட்டப் போட்டிக்கு ஒரு அணியைக் கூட்டிப் போக வேண்டும் என்பது ரஹ்மத்தின் ஆசை. ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பத்துப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். தினமும் வராந்தாவில் மறித்து, "மிஸ், எப்ப மிஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை சிரித்தாராம். "கேரம்லாம் மழை பெஞ்சா வீட்டுல ஆடுறது, ரஹ்மத் மிஸ். இதப் போயி ஸ்போர்ட்ஸுன்னு நான் எப்படிச் சொல்ல? வெளிய ஒரு போட்டிக்குப் போயி ஒரு ரவுண்டாவது ஜெயிச்சிட்டு வாங்க. அன்னைக்கே சாவியத் தாரேன்."

அக்கம்பக்கத்தில் நடக்கவிருந்த ஒரே போட்டி வாடிப்பட்டியில். அதில் பெண்களுக்கு இரட்டையர் ஆட்டம் மட்டும்தான். ரஹ்மத்தோடு எப்போதும் ஜோடி சேரும் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார்.

"எனக்குக் கேரம் தெரியாதுடி" என்றேன்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வேற ஆளில்ல. ரெண்டு மாசம் இருக்கு."

"ரெண்டு மாசம் போதுமா?"

"கேரத்துக்குப் போதும். ஒனக்குப் போதுமான்னுதான் தெரியல. நடுவுல விட்டுட்டு ஓடுன, பிள்ளைகளுக்குப் பதில் நீதான் சொல்லணும்."

காய் நிக்கட்டும்டி

போர்டு இருந்தது சித்தப்பாவின் விசைத்தறிக் கூடத்தில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. உள்ளே தறிகள்; முன்னறையில் இரும்பு ஸ்டாண்டின் மேல் ஒரு பழைய போர்டு. தறிக்காரர்கள் டீ குடிக்க வரும்போது ஒரு ஆட்டம் போட்டுவிட்டுப் போவார்கள். அங்கே பேசுவதென்றால் கத்த வேண்டும். தறிச் சத்தம் காதில் விழுவதை விட உள்ளங்காலில்தான் அதிகம் ஏறும்.

முதல் நாள் நான் அடித்த முதல் அடியில் ஸ்டிரைக்கர் போர்டைத் தாண்டிப் பறந்து முத்து அண்ணனின் டீ கிளாஸில் மோதியது. முத்து அண்ணன் சித்தப்பாவிடம் தறி ஓட்டுபவர். கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, உள்ள தறியில நூலக் கோத்துக்கிட்டு நாடா பறக்குறது பத்தாதா? இங்கயும் பறக்க விடணுமா?"

"ஸாரிண்ணே."

"அட, பரவால்ல. டீ தப்பிச்சிருச்சு."

பி.இ. படித்தவள் நான். பட்டுத் தெறிக்கும் கோணம் என்னவென்று தாளில் வரைந்து காட்டுவேன். போர்டில் உட்கார்ந்தால் கோணம் கண்ணுக்குத் தெரிகிறது, விரல் அதற்குள் அடித்துவிடுகிறது. முந்தின அடியில் உருண்ட காய்கள் நிற்பதற்கு முன்பே அடுத்த அடிக்கு ஸ்டிரைக்கரை வைத்துவிடுவேன்.

"காய் நிக்கட்டும்டி!" ரஹ்மத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்துவாள். "ஓடுற காயப் பாத்து என்னத்த குறி வைப்ப?"

"நின்னப்புறம் பாத்தா போரடிக்குது."

"போரடிக்கட்டும். ஸ்டிரைக்கர அடிக்காத, தள்ளு. நீ என்னமோ கரப்பான அடிக்குற மாதிரி அடிக்குற."

ஆள்காட்டி விரலின் நகக்கண் கன்றிப்போனது. லேப்டாப்பில் ஒரு எழுத்தைத் தட்டினால் தோள் வரைக்கும் சுள்ளென்று ஏறும். போரிக் பவுடர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. சுடிதார், ஹெட்போன், சார்ஜர். ஒரு நாள் தயிர்சாதத்தில் கூட அதன் வழுவழுப்பு இருந்ததாக எனக்குத் தோன்றி, அம்மாவோடு ஒரு சண்டை.

மூன்றாவது வாரம் விட்டுவிடலாம் என்று இருந்தது. எதைத் தொட்டாலும் மூன்றாவது வாரத்தில் எனக்கு அப்படித்தான் இருக்கும். கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு டான்ஸ் கிளாஸ் போர்டைப் படம் எடுத்துக்கூட வைத்தேன். அன்றைக்குத்தான் அது நடந்தது. ஓரக்கட்டையை ஒட்டிக் கிடந்த ஒரு வெள்ளை. யாரும் அதைப் போடச் சொல்லவில்லை. நான் சும்மா, சலிப்பில், மெதுவாகத் தள்ளினேன். ஸ்டிரைக்கர் அதன் தோளை உரசிக்கொண்டு போனது. காய் கட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்து போய், வலைக்குள் தொப்பென்று இறங்கியது.

முத்து அண்ணன் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது நீயா அடிச்ச?"

டான்ஸ் கிளாஸ் படத்தை அங்கேயே அழித்தேன்.

தறி போட்டுரும்

செல்லூர் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இதைச் சொல்லாமல் மண்டபத்துக்குத் திரும்ப முடியாது.

தறி ஓடும்போது தரை நடுங்கும். தரை நடுங்கினால் ஸ்டாண்டு நடுங்கும், ஸ்டாண்டோடு சேர்ந்து போர்டும். கண்ணுக்குத் தெரியாது. பவுடர் மட்டும் மெல்ல மெல்ல ஓரம் போய்ச் சேரும். பாக்கெட் விளிம்பில் ஒரு காய் நின்றுவிட்டால் அதை யாரும் அடிக்க மாட்டார்கள். அடித்தால் ஸ்டிரைக்கரும் பின்னாலேயே உள்ளே விழும் ஆபத்து இருக்கிறது. விழுந்தால் மைனஸ், போட்ட காயில் ஒன்றை எடுத்துத் திரும்ப நடுவில் வைக்க வேண்டும். எதற்கு வம்பு? விட்டுவிட்டால் ஒரு சுற்று முடிவதற்குள் காய் தானாக நகர்ந்து உள்ளே விழுந்துவிடும்.

"தறி போட்டுரும்" என்பார்கள். விழுந்தால் அந்த நிறத்துக்காரர்களுக்குக் கணக்கு. யாரும் தகராறு செய்ததில்லை.

ஆகவே செல்லூர்க்காரர்கள் விளிம்புக் காயைத் தறியிடம் விட்டுவிட்டு, தங்கள் அடியை வேறு வேலைக்குப் பயன்படுத்துவார்கள். எதிராளியின் காயைத் தட்டி எட்டாத இடத்தில் கொண்டுபோய்ச் சொருகுவது. எனக்கு முதலில் படிந்த நுணுக்கம் அதுதான். உருட்டிக் கெடுக்கிற வேலை என் அவசரத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

கரண்ட் இல்லாத நாளில் தறி நின்றிருக்குமே என்று கேட்பீர்கள். அந்த இருட்டு அறையில் கரண்ட் இல்லாமல் யார் ஆடுவது? எங்கள் இரண்டு மாதமும் ஓடும் தறியோடுதான் கழிந்தது. ரஹ்மத் சின்ன வயதில் அண்ணன்மாரோடு ஆடிப் பழகியதும் இப்படி ஒரு தறிச் சத்தத்தில்தான்.

மண்டபத்தில்

முதல் ரவுண்டில் எங்களுக்கு எதிராக வந்தவர்கள் திருவாதவூர்ப் பக்கத்து காலேஜ் பிள்ளைகள் இருவர். ஒருத்தி உயரம், ஒருத்தி கண்ணாடி. மூன்று போர்டு, அதாவது மூன்று ஆட்டம்; இரண்டை எடுப்பவர்கள் அடுத்த ரவுண்டுக்குப் போகலாம்.

முதல் போர்டில் ரஹ்மத் அன்றைக்கு நெருப்பு. சிவப்புக்காயைப் போட்டு, அடுத்த அடியிலேயே ஒரு வெள்ளையையும் போட்டு அதை எங்களுடையதாக்கினாள். நானும் என் பங்குக்கு இரண்டு போட்டேன். கடைசி வெள்ளை போய் விளிம்பில் நின்றது. எதிராளிகளுக்கு இன்னும் மூன்று கறுப்பு.

நடுவர் ஆடச் சொன்னார். நான் குனிந்து, பாக்கெட்டுக்கு நேராக இருந்த ஒரு கறுப்பைத் தட்டி ஓரத்தில் கொண்டுபோய் ஒட்டினேன். அழகான தட்டு. நிமிர்ந்து ரஹ்மத்தைப் பார்த்தேன். கண்ணாலேயே 'சபாஷ்' என்றாள்.

உயரமான பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஒரு கறுப்பைப் போட்டாள். அடுத்ததைத் தவறவிட்டாள்.

இப்போது ரஹ்மத்தின் முறை. வெள்ளை இன்னும் அங்கேயே நின்றது. அவள் அதை ஒரு முறை பார்த்தாள். பிறகு, இருபது வருஷம் கேரம் ஆடியவள், அண்ணன்மார் மூவரையும் எழுப்பிவிட்டவள், சாவகாசமாக இன்னொரு கறுப்பைத் தட்டி ஒதுக்கினாள்.

அப்போதுதான் எனக்கு என்னமோ உறைத்தது. உள்ளங்காலில் ஒன்றுமே ஏறவில்லை. தரை செத்துக் கிடந்தது. மண்டபத்து மொசைக் சில்லென்று, அசையாமல்.

"ரஹ்மத்" என்றேன்.

"ஆட்டத்துல பேசக் கூடாதும்மா" என்றார் நடுவர்.

கண்ணாடி போட்ட பெண் குனிந்தாள். நான் ஒட்டி வைத்த கறுப்பைக் கட்டையோடு உருட்டிப் போட்டாள். ரஹ்மத் ஒதுக்கியதை எதிர்க்கட்டையில் மோதவிட்டுத் திருப்பி எடுத்தாள். முடிந்தது. போர்டு அவர்களுக்கு.

எங்கள் வெள்ளைக்காய் அப்போதும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றாள் உயரமானவள், பயத்தோடு. "நீங்க ரெண்டு பேரும் ஏன் அதப் போடல? எங்கள டெஸ்ட் பண்ணீங்களா?"

ரஹ்மத் ஒற்றை விரலால் போர்டின் மூலையைத் தட்டினாள். காய் விழுந்தது. அவள் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டாவது போர்டை அவள் கோபத்திலேயே எடுத்தாள். எனக்கு வேலையே வைக்கவில்லை.

மூன்றாவது போர்டு கடைசி வரை வந்தது. எங்களுக்கு ஒரு காய் பாக்கி, அவர்களுக்கும் ஒரு காய். என் முறை. வெள்ளை போர்டின் நடுவில், நேராக. காய்கள் நிற்கும் வரை காத்திருந்தேன். நின்ற பிறகும் காத்திருந்தேன். முட்டியை முட்டியோடு இடுக்கிக்கொண்டு, ரஹ்மத் சொன்னபடி தள்ளினேன். காய் பாக்கெட்டின் இரண்டு உதட்டிலும் முட்டி வெளியே வந்தது.

கண்ணாடிக்காரி மிச்சமிருந்த கறுப்பை எங்கேயோ இருந்து, ஒரு இழையில், வெட்டிப் போட்டாள். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் நன்றாக ஆடினாள்.

கேட்டுக்கு வெளியே

திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் பேசினேன். சமயநல்லூர் தாண்டும் வரை பேசினேன். அந்தப் போர்டு கோணல், அந்த பல்பு கண்ணில் குத்தியது, திண்டுக்கல்லில் வேறு போட்டி வருகிறதாம்.

"பெரிய மிஸ்ஸு அங்க வந்தா பாத்தாங்க? ஒரு ரவுண்டு ஜெயிச்சோம்னு சொல்லிரு" என்றேன். "ரெண்டாவது போர்டு ஜெயிச்சோம்ல. அத ரவுண்டுன்னு சொல்லு. அவங்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

ரஹ்மத் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "பிள்ளைகளுக்குத் தெரியும்டி. அவளுக ஒவ்வொரு போர்டா கேப்பாளுக."

திங்கட்கிழமை மதியம் நான் அந்தப் பள்ளி கேட்டுக்கு வெளியே என் வண்டியைப் போட்டுக்கொண்டு நின்றேன். வரச் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. வாட்ச்மேன் இரண்டு தடவை "யாரப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டார்.

ரஹ்மத் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தாள். தூரத்தில் இருந்தே தலையை ஆட்டினாள். இல்லை. அந்த அறையில் பழைய பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டப் போகிறார்களாம்.

வராந்தாவில் பிள்ளைகள் அவளை வளைத்துக்கொண்டார்கள். என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. இரட்டைப் பின்னல்கள் எல்லாம் ஒன்றாகத் தொங்கின. பிறகு ரஹ்மத் கையைத் தூக்கினாள். விளிம்பில் நிற்கும் காயாக ஒரு விரலை நிறுத்தி, வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்த்து நின்றாள். அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பி என்னைப் போலவும் நின்று காட்டினாள். என் வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

கேட்டுக்கு வந்தாள். "ஞாயித்துக்கிழம ஒங்க வீட்டு ஹால் காலியாத்தான இருக்கும்?"

"காலிதான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் அம்மாவின் சோபா ஞாபகம் வந்திருக்கும்.

நாலு இடம்

சோபாவைச் சுவரோரம் தள்ளினேன். சித்தப்பாவிடம் கேட்டுப் போர்டைத் தூக்கி வந்து ஹாலின் நடுவில் போட்டேன். அம்மா, "யாரக் கேட்டுச் செஞ்ச?" என்று ஆரம்பித்து, வரும் பிள்ளைகளுக்கு எம்புட்டு சேமியா போட என்று முடித்தாள். பெரிய சட்டி நிறைய கிண்டி வைத்தாள்.

ஒருத்திதான் வந்தாள். ஷெர்லி, ஏழாம் வகுப்பு. அவள் அப்பா வாசலில் நின்று வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரஹ்மத்தைக் கண்ட பிறகு கிளம்பினார்.

"மத்தவளுக எங்கடி?" என்றாள் ரஹ்மத்.

"வீட்டுல விடல மிஸ். ஸ்கூல்னா விடுவாங்களாம்."

ரஹ்மத் பவுடர் டப்பாவைத் திறந்தாள், மூடினாள். அந்த அறை கிடைத்திருந்தால் பன்னிரண்டு பேர். நான் சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்தேன்.

"நாலு பேர் வேணுமே மிஸ்" என்றாள் ஷெர்லி.

அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "எனக்கு என்னடி தெரியும்?" என்றவள், உட்கார்ந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டாள். அடிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் எல்லாக் காயையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதைப் போல. பிறகுதான் அடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அடிம்மா!" என்று நான் கத்தக் கத்த, ஒன்றைப் போட்டாள். அப்புறம் இன்னொன்று.

மாலையில் ஷெர்லி சேமியாவைச் சாப்பிட்டு முடித்து, அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"மிஸ், அடுத்த வாரம் நான் ரெண்டு பேரக் கூட்டிட்டு வாரேன். எங்கப்பாவ விட்டு அவங்க வீட்டுல பேசச் சொல்றேன்."

ரஹ்மத் நிமிர்ந்தாள். "நெசமாவா?"

"நெசமா மிஸ். நாங்க மூணு பேரு. அப்பறம் இந்த அம்மா நல்லா ஆடுறாங்க, அவங்க இருக்கட்டும். நீங்க அம்பயர்." விரலை மடக்கி எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் சங்கடப்பட்டாள். "அக்கா ரொம்ப அவசரப்படுறாங்க மிஸ். நாலு எடந்தான இருக்கு?"

ரஹ்மத் என் பக்கம் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"கூட்டிட்டு வா" என்றேன் ஷெர்லியிடம். "நான் சோபால உக்காந்துக்கிறேன்."

"நீயா?" என்றாள் அம்மா.